சாய ஊசி

போடிமெட்டு, ஏலத்தோட்டம்
13 ஜனவரி 2025, போகி

தம்பி பிரபாகரனுக்கு,

தவசி ஜீப்பில் நீ ஏற்றிவிட்ட பொங்கல் சீர் வந்தது. வந்த வேகத்திலேயே திரும்புகிறது. கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், சேலை எல்லாம் அப்படியே இருக்கின்றன. சேலையை நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பச்சைக் கலர் என்பது பைக்கு வெளியிலேயே தெரிந்தது.

"என்னக்கா, நல்ல நாளும் அதுவுமா..." என்று தவசி இழுத்தான். "ஒனக்கு ஜீப்பு ஓட்டுற சோலி மட்டும்தான். பேசாம ஏத்து" என்றேன். பாவம், அவன் என்ன செய்வான்.

உன்னோடு இனிமேல் பேசமாட்டேன் என்று அய்யனார் முன்னால் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தவள் நான். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் காகிதம். போன் அடித்துப் பார்க்காதே. உன் நம்பரிலிருந்து கூப்பிட்டால் வராதபடி பெரியவள் தேவி ஏதோ செய்து கொடுத்திருக்கிறாள்.

ஆவணியில் நடந்தது உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்காது. என் சின்னவள் பவித்ராவுக்கு மொட்டை போட்டாயிற்று, சந்தனம் பூசியாயிற்று. ஆசாரி கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமன் எங்கே? கிடா வெட்டிய சனம், சமைக்க வந்த சனம், எல்லாரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். "தாய்மாமன் வரலையா? ஒத்த அக்கா மகளுக்கு வர ஏலாத அளவுக்கு அப்பிடி என்ன சோலி?" என்று காதுபடவே கேட்டார்கள். கடைசியில் தேவி போனுக்கு உன்னிடமிருந்து ஒரு வரி வந்தது. லோடு சோலி வந்துவிட்டது, வர முடியவில்லை என்று. அவ்வளவுதான். உன் மச்சானின் பெரியப்பா மகன் முனீஸ்வரன் மடியில் உட்காரவைத்துக் குத்தினோம். கூடப்பிறந்தவன் குத்துக்கல்லாக இருக்கும்போது என் பிள்ளை அடுத்தவன் மடியில் உட்கார்ந்து அழுதது. அந்த ஆத்திரத்தில்தான் கற்பூரத்தை அணைத்தேன். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

பிரபாகரன் ஆளே பாதியாகப் போய்விட்டான் என்று தவசி சொல்கிறான். அது எனக்குத் தேவையில்லாத விஷயம். பொற்கொடி பிரசவத்துக்குத் தேவாரத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போனதிலிருந்து அடுப்புப் பற்றவைக்காமல் கிடக்கிறாயோ என்னவோ. அதுவும் எனக்குத் தேவையில்லை. ஆனாலும், எதனால் இளைத்தாய்?

அய்யம்மாள்


போடி
17 ஜனவரி 2025

அக்காவுக்கு,

பொங்கலுக்கு மூன்று நாளும் ஜீப் ஓடாததால் இன்றுதான் பதில்.

நீ திருப்பி அனுப்பிய கரும்பைத் தெருப் பிள்ளைகள் கடித்துத் துப்பிவிட்டன. சேலை இங்கேதான் இருக்கிறது. பச்சை இல்லை, கிளிப்பச்சை.

லோடு சோலி என்று சொன்னது பொய்தான். வேறு என்ன சொல்லச் சொல்கிறாய்? அன்றைக்குக் காலையில் என் மூஞ்சியை நீ பார்த்திருக்க வேண்டும். பூசணிக்காய். ஒரு கண் திறக்கவேயில்லை. உதடு தடித்துத் தொங்கியது. அந்தக் கோலத்தில் கோயிலுக்கு வந்து நின்றிருந்தால் உன் புகுந்த வீட்டார் என்ன சொல்லியிருப்பார்கள்? "வந்துட்டாருய்யா தாய்மாமன், ராத்திரி அடிச்சது இன்னும் எறங்கல" என்றுதானே? நான் குடியை விட்டு நாலு வருஷமாகிறது. அதை நம்புகிற ஒரே ஆள் நீதான். உன்னையும் சேர்த்துத் தலைகுனிய வைக்கவா நான் வரணும்?

எல்லாம் பூச்சிமருந்து செய்த வேலை. அந்த வாரம் இரண்டு நாள் குரங்கணிப் பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடி. வெக்கை தாங்காமல் மூக்குத் துணியைக் கழற்றிவிட்டேன். மேலெல்லாம் பட்டுவிட்டது. எங்கள் செட்டில் எல்லாருக்கும் அரிப்புத்தான், எனக்கு மூஞ்சியில் ஏறிவிட்டது. மலையில் இது நடக்காத வீடு எது?

இளைத்ததற்குக் காரணம் கேட்டாய். கேட்டதால் சொல்கிறேன், பொற்கொடிக்குத் தெரியக்கூடாது. அவளுக்கு இது எட்டாம் மாதம். ஆடியிலிருந்து இடது விலாவுக்குக் கீழே வலி. அவ்வப்போது சிறுநீரில் ரத்தம் வந்தது. காதுகுத்துக்கு முந்தின நாள்தான் தேனியில் போய் ஸ்கேன் எடுத்தேன். கல் இருக்கிறது, கூடவே ஏதோ ஒரு கட்டி மாதிரியும் தெரிகிறது, சரியாகப் பிடிபடவில்லை என்றார்கள். கல்லுக்கு மருந்து கொடுத்தார்கள், கல் போய்விட்டது. கட்டியைத் திரும்பப் பார்க்கவேண்டும் என்று இப்போது தேனியிலேயே வேறு பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் ஸ்கேன். பம்பைத் தூக்க முடியாததால் மருந்தடிக்குப் போவதில்லை. இங்கே ஒரு கடையில் ஏலக்காய் தரம் பிரிக்கிறேன்.

இதில் நீ பதற ஒன்றும் இல்லை. உன் சத்தியத்தை நீயே பத்திரமாக வைத்துக்கொள்.

பிரபாகரன்


போடிமெட்டு
18 ஜனவரி 2025

தம்பி,

ரத்தம் வந்தது என்று எழுதிவிட்டு, பதற ஒன்றும் இல்லை என்றும் எழுதுகிறாய். உன்னை என்ன செய்தால் தகும்? ஆடியிலிருந்து தை வரைக்கும் ஒரு ஆளிடம் சொல்லவில்லை. நான்தான் பேசவில்லை, உன் மச்சான் சோலை பேசினார் இல்லையா? அவரிடம் சொல்வதற்கென்ன, வாய் வெந்துவிடுமா?

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். படித்துவிட்டுக் களத்துமேட்டில் உட்கார்ந்தே போனேன். கூட வேலை பார்க்கும் இருளம்மாள் "என்னாத்தா, என்ன சேதி?" என்று கேட்டபிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அவளிடம் மட்டும் சொன்னேன். அவள் ஒன்று கேட்டாள். அது என் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்கிறது.

"ஸ்கேனு எடுக்கறப்ப ஒந்தம்பிக்கு ஊசி கீசி போட்டாகளா? எங்க சித்தி மகனுக்கு அப்பிடி ஒரு ஊசி போட்டு, ஒடம்பெல்லாம் தடிச்சு, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியே ரெண்டுபட்டுப் போச்சு" என்கிறாள். சாய ஊசியாம். உள்ளே இருக்கிறது படத்தில் பளிச்சென்று தெரிவதற்காக ரத்தத்தில் ஏற்றுவார்களாம்.

எனக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. ஆனால் நீ சொன்னதை வரிசையாக வைத்துப் பார்க்கிறேன். மருந்தடித்தது இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் வீங்கவில்லை. ஸ்கேன் எடுத்த மறுநாள் காலையில் வீங்கியிருக்கிறது. மருந்தடித்துவிட்டு உன் மச்சானுக்கு எத்தனையோ தரம் அரித்திருக்கிறது, கண் எரிந்திருக்கிறது. உதடு தடித்து நான் பார்த்ததில்லை.

அதனால் நான் கேட்பதற்குச் சுற்றிவளைக்காமல் பதில் எழுது. ஊசி போட்டார்களா? வீக்கம் எப்போது ஆரம்பித்தது? தொண்டை அடைத்ததா? இதை அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னாயா?

நம் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு அந்த மலையாள நர்ஸ் சிஸ்டர் திங்கட்கிழமைதான் வருவார். அவரிடமும் கேட்கிறேன். நீ எழுத மறந்துவிடாதே. தவசியிடம் கடிதத்தைக் கையில் வாங்காமல் ஜீப்பை எடுக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

அய்யம்மாள்


போடி
20 ஜனவரி 2025

அக்கா,

தவசி வாசலில் ஹாரனை அடித்துக்கொண்டு நிற்கிறான். ஜீப்பில் இருக்கிற பொம்பளையெல்லாம் என்னைத் திட்டுகிறார்கள். நீ வைத்த ஆள் அப்படி.

ஊசி போட்டார்கள். நீ கேட்பதெல்லாம் சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னை விடு.

மிஷினில் படுக்கவைத்துக் கையில் ஊசி குத்தி, குழாய் வழியாக ஏற்றினார்கள். ஏறியதும் தலையிலிருந்து கால்வரை வெந்நீர் ஊற்றியது மாதிரி ஒரு சூடு. வாயில் தகரத்தை நக்கின ருசி. வேட்டியிலேயே போய்விட்டேனோ என்று பயந்து தொட்டுப் பார்த்தேன், போகவில்லை. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று அங்கே இருந்த பையன் சிரித்தான். வெளியே அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொன்னான். நான் உட்காரவில்லை. மறுநாள் காதுகுத்து. பவித்ராவுக்குப் பட்டுப்பாவாடை எடுக்கவேண்டும், கம்மல் வாங்கவேண்டும். கடை அடைத்துவிட்டால் மாமன் வெறுங்கையோடு போய் நிற்கமுடியுமா? அதனால் நழுவி வந்துவிட்டேன். அவர்களைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

பாவாடை எடுத்துவிட்டு பஸ்சில் ஏறினபிறகுதான் உள்ளங்கை அரித்தது. அப்புறம் கழுத்து, காது. போடி வருவதற்குள் தொண்டையில் ஏதோ உருண்டை நிற்கிறது மாதிரி ஆகி, எச்சில் முழுங்க முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர் ஜன்னலைத் திறந்துவிட்டார். மருந்தடி ஆட்கள் பையில் எப்போதும் அரிப்புக்குப் போடுகிற அவில் மாத்திரை இருக்கும். இரண்டை வாயில் போட்டு மென்றேன். கொஞ்சங்கொஞ்சமாக மூச்சு வந்தது. விடிந்து கண்ணாடியைப் பார்த்தால் பூசணிக்காய்.

மருந்தடியில் பட்டது உள்ளேயே இருந்து அன்றைக்குக் கிளம்பியிருக்கும் என்றுதான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். நீயும் இருளம்மாளும் சேர்ந்து டாக்டர் ஆகவேண்டாம்.

ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை. சொல்லமாட்டேன். ஏன் என்று கேள். போன வாரம் ரத்தம் பரிசோதிக்கப் போனபோது எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவர், தனக்கு ஏதோ ஒத்துக்கொள்ளாது என்றார். அவரை ஓரமாக உட்காரவைத்தார்கள், அந்தப் பரிசோதனை, இந்தப் பரிசோதனை என்றார்கள், கடைசியில் ஸ்கேன் எடுக்காமலேயே வீட்டுக்குப் போனார். எனக்கும் அப்படி ஆகிவிட்டால்? இந்தக் கட்டி என்ன கட்டி என்று தெரியாமல் நான் எத்தனை நாள் கிடப்பது? விலாவில் கை வைத்துக்கொண்டு படுத்தால் தூக்கம் பிடிப்பதில்லை அக்கா. அதுவாக இருக்குமோ, அதுவாக இருக்குமோ என்று இதே நினைப்பு. பிள்ளை பிறக்கிற நேரத்தில் எனக்கு இப்படி. தெரிந்துவிட்டால் நல்லதோ கெட்டதோ ஒரு முடிவு. எனக்கு ஊசி பயமில்லை, தெரியாமல் கிடப்பதுதான் பயம்.

இனிமேல் இதைப்பற்றி எழுதாதே.

பிரபாகரன்


போடிமெட்டு
21 ஜனவரி 2025

தம்பி,

எழுதாதே என்றாய். எழுதத்தான் செய்வேன்.

சிஸ்டரைப் பார்த்தேன். நீ எழுதியதை ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன். தொண்டை அடைத்தது என்ற இடத்தில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ சேச்சி, இது கண்டிப்பா டாக்டரோடு பறயணும், சொல்லியே தீரணும். முதல் தடவை இவ்வளவு வந்தால், ரெண்டாம் தடவை அதைவிட மோசமாவும் வரலாம். மூச்சுக் குழலே அடைஞ்சு போகும், பிரஷர் விழும்" என்றார். உடனேயே, "பேடிக்கேண்டா, பயப்பட வேண்டாம். சொன்னா ஒன்னும் ஆகாது, சொல்லாம இருந்தாத்தான் ஆபத்து" என்றும் சொன்னார்.

உன்னை விரட்டிவிடமாட்டார்களாம். முந்தின நாளே மாத்திரை கொடுத்து உடம்பைத் தயார் பண்ணுவார்களாம். வேறு வகைச் சாயம் இருக்கிறதாம், அதைப் போடுவார்களாம். அதுவும் தோது இல்லையென்றால் சாயமே இல்லாமல் வேறு மாதிரிப் பார்க்கிற மிஷினும் இருக்கிறதாம். அந்தப் பெரியவர் திரும்பிப் போனார் என்றால் அவருக்கு வேறு ஏதாவது காரணம் இருக்கும், மறுபடி வரச் சொல்லியிருப்பார்கள் என்றார். நீ வாசலில் பார்த்ததோடு கதையை முடித்துவிட்டாய்.

மருந்தடியாக இருக்காதா என்றும் கேட்டேன். உனக்காகத்தான் கேட்டேன். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அதை ஆஸ்பத்திரியில தீர்மானிக்கட்டும்" என்றார். மீன் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் இது வரும் என்று இருளம்மாள் குறுக்கே விழுந்தாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சிஸ்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தெரியாமல் கிடப்பதுதான் பயம் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு மட்டும் பயம் இல்லையா? அம்மா போனபோது உன்னை என் இடுப்பில் ஏற்றிவிட்டுப் போனாள். அப்போது எனக்கே பாவாடை கட்டத் தெரியாது. உன்னைத் திட்டுவேன், அடிப்பேன், பேசாமல் இருப்பேன், அதெல்லாம் என் உரிமை. நீ ஒரு மிஷினுக்குள் படுத்து மூச்சு முட்டிச் சாவதற்கு நான் வளர்க்கவில்லை.

ஒரே ஒரு வார்த்தை எழுதி அனுப்பு. "சொல்றேன்" என்று. அது போதும். எழுதவில்லை என்றால் பொற்கொடிக்கு ஆள் அனுப்பிவிடுவேன், எட்டாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ.

ஜீப் கிளம்புகிறது.

அய்யம்மாள்


போடி
22 ஜனவரி 2025

அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. பொற்கொடியை இதில் இழுக்காதே, கும்பிட்டுக் கேட்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வெள்ளிக்கிழமை மிஷினைச் சரிபார்க்கிறார்களாம். அதனால் வியாழக்கிழமை காலையிலேயே வரச் சொல்லிவிட்டார்கள். வெறும் வயிற்றோடு ஒன்பது மணிக்கு. இந்தக் காகிதம் உன் கைக்கு வரும்போது நான் தேனியில் இருப்பேன்.

மாத்திரை முந்தின நாளே போடவேண்டும் என்றால் அதற்கு இனி நேரம் ஏது? இப்போது போய் இதைக் கிளப்பினால் தேதியை எப்போது கொடுப்பார்களோ. பார்க்கலாம். கையில் அவில் மாத்திரை வைத்திருக்கிறேன். போன தடவை அதில்தானே சரியானது.

நீ பறிப்புக்குப் போ. சாயங்காலம் தவசியிடம் சேதி சொல்லி அனுப்புகிறேன்.

பிரபாகரன்


போடிமெட்டு
23 ஜனவரி 2025, வியாழன்

பிரபாகரா,

நீ உயிரோடு இருந்தால் இதைப் படி.

காலையில் தவசி கடிதத்தைக் கொடுத்தபோது நான் பறிக்கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தேன். வியாழன் என்ற எழுத்தைப் பார்த்ததும் கூடையை அவிழ்த்துப் போட்டுவிட்டு ஓடினேன். "எங்கடி போற, ஆள் எண்ணிக்கிட்டு இருக்கேன்ல!" என்று கங்காணி ராக்கு பின்னாலேயே கத்தினாள். கத்தட்டும். காய் உலர்த்துகிற ஸ்டோருக்கு மேலே இருக்கிற பாறையில் ஏறினால்தான் டவர் கிடைக்கும் என்பது உனக்குத் தெரியும். மழையில் பாசி பிடித்துக் கிடக்கிறது. எப்படி ஏறினேன் என்று எனக்கே தெரியவில்லை. முழங்கால் உரிந்திருக்கிறது.

அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. எத்தனை தரம் என்று தெரியாது. திடீரென்று ஒரு பெண் குரல் "யாரு நீங்க, அவரு ஸ்கேன்ல இருக்காரு, அப்புறமாப் பேசுங்க" என்றது. எனக்குத் தலையும் தெரியவில்லை, காலும் தெரியவில்லை. "அவனுக்கு ஊசி போடாதீங்க தாயி! போன தடவை போட்டு மூஞ்சி வீங்கி, தொண்டை அடைச்சுப் போச்சு. அவன் ஒங்ககிட்டச் சொல்லியிருக்க மாட்டான், அவன் கல்லுளிமங்கன், போடாதீங்க!" என்று கத்தினேன். அந்தப் பெண் யாரையோ "சார், சார்" என்று கூப்பிடுவது கேட்டது. அப்புறம் போன் நின்றுவிட்டது. திரும்ப அடித்தால் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்கிறது.

நான் உன்னோடு பேசவில்லை. அந்தப் பெண்ணோடுதான் பேசினேன். சாமிக்கு அது தெரியும்.

ஆனால் போட்டபிறகு சொன்னேனா, போடுவதற்கு முன்னால் சொன்னேனா, அதுதான் தெரியவில்லை. இவ்வளவு நேரமாகப் பாறை மேலேயே உட்கார்ந்திருந்தேன். உன் மச்சான் வந்து கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்தார். சோறு இறங்கவில்லை. தவசி சாயங்காலம் ஆட்களை இறக்கிவிட்டு நேரே உன் வீட்டுக்கு வருவான். கதவு பூட்டியிருந்தால் தேனிக்கே போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு கீறல் எழுதி அனுப்படா.

அய்யம்மாள்


போடி
24 ஜனவரி 2025

அக்கா,

இருக்கிறேன். ஊசி போடவில்லை. குழாயைச் செருகின பிறகுதான் உன் போன் வந்தது. போன் சார்ஜ் தீர்ந்துவிட்டது, வேறொன்றும் இல்லை. நாளைக்கு ஸ்கேன், மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், இன்றைக்கு ராத்திரியிலிருந்து போடவேண்டும். சாப்பிடு.

பிரபாகரன்


போடி
27 ஜனவரி 2025

அக்கா,

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

அன்றைக்கு மிஷினில் படுக்கப் போட்டுவிட்டு, "அண்ணே, முன்னாடி இந்த ஊசி போட்டு ஒங்களுக்கு ஏதாச்சும் ஆச்சா?" என்று அந்தப் பெண் கேட்டாள். அதற்கு முந்தின வாரம் ரத்தம் எடுத்தபோதும் இதே கேள்வியைக் கேட்டார்கள். இல்லை என்றேன். குழாயைச் செருகி, பிளாஸ்திரியும் ஒட்டியாயிற்று. அப்போதுதான் வாசலில் தட்டில் வைத்திருந்த என் போன் அடிக்க ஆரம்பித்தது. நிற்பதாக இல்லை. "யாருண்ணே இது, அக்கான்னு வருது" என்றாள். நீ எனக்குப் போன் பண்ணுகிறாய் என்றால் உலகத்தில் ஏதோ நடந்துவிட்டது என்று தோன்றியது. அப்புறம் பேசச் சொல்லலாம் என்றுதான் அவள் எடுத்தாள். நீ போட்ட சத்தம் படுத்திருந்த எனக்கே கேட்டது. கல்லுளிமங்கன் என்றதும் கேட்டது.

டாக்டர் வந்தார். "ஏன்யா மறைச்ச?" என்றார். பூச்சிமருந்து என்று நினைத்தேன் என்றேன். "பூச்சிமருந்தாவே இருக்கட்டும். தொண்டை அடைச்சதச் சொல்லணுமா வேண்டாமா? எதனாலன்னு பாக்குறது எங்க சோலி" என்றார். கோபமாகத்தான் பேசினார். ஆனால் என்னை விரட்டவில்லை. நான் பயந்தது வீண்தான். பஸ்சில் என்ன ஆனது, எவ்வளவு நேரத்தில் ஆனது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். எந்த வகைச் சாயம் போட்டார்கள் என்று பழைய ஸ்கேன் எடுத்த இடத்துக்கே போன் போட்டுக் கேட்டார்.

சனிக்கிழமை வேறு சாயம் போட்டார்கள். முந்தின நாள் ராத்திரியிலிருந்து மாத்திரை போட்டிருந்தேன். டாக்டர் பக்கத்திலேயே நின்றார். அவ்வளவு செய்தும், அக்கா, நெஞ்சில் தடிப்பு வந்துவிட்டது. அதே அரிப்பு, தொண்டையில் அதே உருண்டை. அன்றைக்கு பஸ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேனே, அந்த நினைப்பு வந்ததும் உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. கையோடு இன்னொரு ஊசி போட்டார்கள், மூக்கில் காற்றுக் குழாய் வைத்தார்கள். அடங்கிவிட்டது. இந்தத் தடவை போகச் சொல்லும்வரைக்கும் எழுந்திருக்கவில்லை. வியாழக்கிழமை மாத்திரையும் இல்லாமல், அந்தப் பழைய சாயமே ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

இனி மற்றது. படத்தில் தெளிவாகத் தெரிந்துவிட்டது. இடது சிறுநீரகத்தில் கட்டி. சாதாரணக் கட்டி இல்லை என்றுதான் நினைக்கிறார்கள். சின்னதாக இருக்கும்போதே கண்ணில் பட்டது நல்லது, அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிடலாம், மதுரையில் செய்யவேண்டும் என்றார்கள். அடுத்த வாரம் சேரச் சொல்லியிருக்கிறார்கள்.

தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்று உனக்கு வீறாப்பாக எழுதினேன். போகவில்லை அக்கா. எனக்குப் பிள்ளை முகத்தைப் பார்க்கவேண்டும்.

ஆஸ்பத்திரியில் கூட யார் இருப்பார்கள் என்று கேட்டார்கள். யோசிக்காமல் உன் பேரைச் சொல்லிவிட்டேன். சத்தியம் இருக்கிறது என்று தெரியும். நீ பேசவேண்டாம். பேசாமலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்திரு, போதும்.

பிரபாகரன்


போடிமெட்டு
27 ஜனவரி 2025, மதியம்

தம்பி பிரபாகரனுக்கு,

பக்கத்தில் வந்து ஊமை மாதிரி உட்காரச் சொல்கிறாய். என்னால் அது ஆகிற காரியமா?

கற்பூரம் அணைத்த சத்தியத்தை முறிக்க ஒரு முறை இருக்கிறது. இரண்டு பேரும் ஈரத்துணியோடு கோயிலுக்குப் போய், பூசாரி மறுகற்பூரம் ஏற்றி, ஒருத்தர் நெற்றியில் ஒருத்தர் விபூதி பூசவேண்டும். பூசாரிக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் வீட்டில் தீட்டாம், மாசி பிறந்துதான் கோயிலைத் திறப்பாராம். மாசி வரைக்கும் உன் கட்டி காத்திருக்குமா?

"அவசரப்படாத. சாமி குத்தமாயிரும்டி" என்றார் உன் மச்சான். "ஆகட்டும். குத்தம் எதுன்னாலும் எந்தலையில விழுகட்டும், அவந்தலையில வேண்டாம்னு அய்யனார்கிட்டச் சொல்லிட்டேன்" என்றேன். இப்போது அவர்தான் எனக்கு மாற்றுச்சேலை எடுத்துவைத்துக் கொண்டிருக்கிறார். பிள்ளைகளை இருளம்மாள் பார்த்துக்கொள்வாள். ராக்குவிடமும் சொல்லிவிட்டேன், அவளும் மூக்கைச் சிந்தினாள். தேவாரத்துக்குப் போய்ப் பொற்கொடியிடம் பக்குவமாக நானே சொல்லிக்கொள்கிறேன். நீ வாயைத் திறக்காதே, உனக்குச் சொல்லத் தெரியாது.

பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். எனக்கும்தான். பயப்படாதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சேர்ந்து பயப்படலாம்.

இந்தக் காகிதத்தை உன் கையில் கொடுக்கப்போவது தவசி இல்லை. சாயங்கால ஜீப்பில் நானே இறங்குகிறேன். நேரில் வருகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். உன்னை இளைத்த கோலத்தில் பார்த்ததும் எனக்கு அழுகைதான் வரும், பேச்சு வராது. அதனால் இதைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நிற்பேன். நீ படித்து முடித்ததும் "அக்கா" என்று கூப்பிடு. நான் "என்னடா" என்பேன்.

அக்கா